நரம்பின் செய்தியும் இரசாயனத் தூதும்

ஒரு நரம்புக்கலம் முடியுமிடத்திற்கும் அடுத்த கலம் தொடங்குமிடத்திற்கும் இடையே நுண்ணிய இடைவெளி ஒன்றுண்டு. நரம்பின் வழியே மின்கணத்தாக்கமாய் விரைந்து வருஞ் செய்தி இவ்விடைவெளியை எவ்வாறு கடக்கின்றது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உடற்றொழிலியலாரை இவ்வினா இரு கட்சியாகப் பிரித்தது. மின்னே நேராகக் கடக்கின்றது என்றனர் ஒரு சாரார். இரசாயனப் பொருளொன்று தூது செல்கின்றது என்றனர் மறுசாரார்.

ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1921 ஆம் ஆண்டு ஒட்டோ லோவி இரு தவளை இதயங்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். ஓரிதயத்தின் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பை அவர் மின்னால் தூண்ட, துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயத்திலிருந்த உப்புக்கரைசலை நரம்பு நீக்கப்பட்ட மற்றை இதயத்துட் செலுத்த, அதுவுந் தளர்ந்தது. தூண்டப்படாத இதயத்தைத் தளர்வித்தது கரைசலிற் கலந்த பொருளேயாதல் வேண்டும். அப்பொருள் அசற்றைல்கோலின் என்பது பின்னர்த் துணியப்பட்டது. லோவிக்கும், இத்துறையில் இங்கிலாந்தில் உழைத்த ஹென்றி டேலுக்கும் 1936 இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆயினும் விவாதம் ஓயவில்லை. இதயத்தின் ஆறுதலான செயலுக்கு இரசாயனத் தூது போதும். மூளையிலும் முண்ணாணிலும் நிகழும் விரைந்த செயலுக்கு மின்னே வேண்டும் என அவுஸ்திரேலியரான ஜோன் எக்கிள்ஸ் வாதித்தார். கொள்கையைச் சோதனையால் மறுக்கத்தக்கவாறு திட்டமாக வகுக்கும்படி மெய்யியலாளர் கார்ல் பொப்பர் அவரை ஊக்கினார். 1951 இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் எக்கிள்ஸும் துணைவரும் பூனையின் முண்ணாண் நரம்புக்கலத்துள் நுண்ணிய கண்ணாடி மின்வாயைச் செலுத்தினர். தடுக்குஞ் செய்தி வந்தபொழுது, மின்கொள்கை எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக மின்னழுத்தம் மாறியது. பல்லாண்டு காத்த கொள்கையை எக்கிள்ஸ் தாமே கைவிட்டார்.

தூது செல்லும் முறையை விளக்கியவருள் முதன்மையானவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேணாட் கற்ஸ் ஆவர். தூதுப்பொருள் சிறு பொதிகளாக வெளிப்படுகின்றது என அவரும் உடனாய்ந்தோரும் 1950களிற் காட்டினர். கணத்தாக்கம் நரம்பின் நுனியை அடைந்ததும் மென்சவ்விலுள்ள வாயில்கள் திறக்கக் கல்சியம் அயன்கள் உட்புகும். உடனே தூதுப்பொருளை அடக்கிய நுண்பைகள் மென்சவ்வோடு இணைந்து அதனை இடைவெளியிற் சொரியும். இவையாவும் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்களவில் முடிவதால், இரசாயனத் தூது தாமதமுடையது என்ற தடையும் நீங்கிற்று.

மின்கொள்கையும் முற்றாகப் பொய்த்திலது. மின் நேராகக் கடக்கும் இணைப்பொன்று 1959 இல் நன்னீர் நண்டினமொன்றிற் கண்டறியப்பட்டது. எக்கிள்ஸோ, தம் கொள்கையை வீழ்த்திய அதே ஆய்வுவழியைத் தொடர்ந்து சென்று, 1963 இல் நோபல் பரிசு பெற்றார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் நேர்மை அறிஞனுக்கு இழிவன்று. அடுத்த அறிவிற்கு அதுவே வாயில் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.