335-ஆம் எண்ணும் என் பெரியப்பாவும்

(‘நம் கதையை யார் எழுதுவது?’ என்ற தொலைக்காட்சி அரங்கில் சிம்பாங் பூலாய் நேயர் ஒருவர் பேசியது)

ஓர் ஆஸ்திரேலிய நாவலைச் சொல்லித் தொடங்குகிறேன்.

தாஸ்மானியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபிளானகன் எழுதிய ‘தி நேரோ ரோடு டு த டீப் நார்த்’ 2013-இல் வெளிவந்து, 2014-இல் புக்கர் பரிசு பெற்றது. சயாம்-பர்மா ரயில் பாதையில் ஜப்பானியரிடம் கைதியாகக் கிடந்த ஓர் இராணுவ மருத்துவரின் கதை அது. ஆசிரியரின் தந்தையும் அந்தப் பாதையில் உழைத்து உயிர் பிழைத்தவர். அவருடைய கைதி எண் 335. நாவலே அந்த எண்ணுக்குத்தான் காணிக்கை. மகன் 12 ஆண்டுகள் எழுதினார். எழுதி முடித்துவிட்டேன் என்று அவர் சொன்ன அன்றே, 98 வயதுத் தந்தை கண்ணை மூடினார்.

அந்த நூலை எல்லாரும் புகழ்ந்தார்களா? இல்லை. மைக்கேல் ஹாஃப்மன் என்ற விமர்சகர் லண்டன் இதழ் ஒன்றில் கடுமையாகச் சாடினார். 2014-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் விருதை அது இன்னொரு நாவலோடு பகிர்ந்துகொண்டபோது, பிரதமரே தலையிட்டார் என்று சர்ச்சை எழுந்தது. 2025-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்துவிட்டது. புகழவும் திட்டவும் அவர்களுக்கு ஆள் இருந்தது.

இனி நம் கதைக்கு வருகிறேன். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் ஆஸ்திரேலியர் சுமார் 2,800 பேர். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள்.

எங்கள் சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் பெரியப்பா பால்மரம் வெட்டினார். “மூணு மாசத்துல வந்துடுவேன்” என்று சொல்லி லாரி ஏறியவர்தான். அவருடைய பால்வெட்டுக் கத்தியைப் பாட்டி சாகும்வரை துடைத்து வைத்திருந்தார். கைதிக்கு எண் போட்டது இராணுவம்; போர் முடிந்ததும் தேடி வந்தது அரசாங்கம். காஞ்சனபுரி கல்லறையில் வரிசை வரிசையாகப் பெயர்க் கற்கள் நிற்கின்றன. பெரியப்பாவுக்கு எண்ணும் இல்லை, கல்லும் இல்லை.

ஃபிளானகன் தன் தகப்பனாரின் கதையை எழுதினார். நம் கதையை ஏன் எழுதவில்லை என்று அவரைக் கேட்பது நியாயமாகாது. நம்மவர் எழுதாமலா இருந்தார்கள்? ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை 1993-இலேயே எழுதிவிட்டார். அதாவது, ஆஸ்திரேலிய நாவலுக்கு 20 ஆண்டுகள் முன்பே! அ. ரெங்கசாமியும் ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். இந்த அரங்கில் இவற்றைப் படித்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம்.

(நான்கு கைகள் உயர்ந்தன.)

இதுதான் என் ஆதங்கம். எழுதியவர்கள் இருக்கிறார்கள், படிக்க நாம்தான் இல்லை. பிடிக்கவில்லையென்றால் திட்டுங்கள், ஆனால் படித்துவிட்டுத் திட்டுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் மூத்தவர்களிடம், “நம்ம குடும்பத்துல சயாமுக்குப் போனது யாரு?” என்று கேளுங்கள். பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.