முத்துக்குளித்துறையின் கோயில் பள்ளிகள்

தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய கடற்கரை ஊர்களிலும், அவற்றுக்கு மேற்கே தேரிக்காட்டுச் சிற்றூர்களிலும் கிறித்தவச் சபைகள் நடத்திவரும் சிறு பள்ளிகள். ஊரார் வாயில் இவை ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளி, டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருமண்டலச் சங்க) பள்ளி.

1530களில் இக்கரையின் மீனவர்களான பரதவர் கத்தோலிக்கம் தழுவியபோது, அவர்களுக்குத் தமிழில் மறை சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542இல் வந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கினார். பிறகு கைமணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைச் சேர்த்தார். அவர் சொல்லச் சொல்ல மனப்பாடம். கற்றதைப் பிள்ளைகள் வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கரையின் பள்ளி வரலாற்றை இந்த மணியோசையிலிருந்து தொடங்குவதே முறை.

சவேரியார் நெடுநாள் தங்கவில்லை. அவர் விட்டுப்போன வேலையைத் தாங்கியவர் கணக்கப்பிள்ளை. ஊருக்கு ஒருவராக அமர்த்தப்பட்ட இவரே கோயிலைக் கவனித்தார், செபம் சொல்லிக்கொடுத்தார், அவசரத்துக்கு ஞானஸ்நானமும் கொடுத்தார். போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தைச் சவேரியார் கேட்டுவாங்கி இவர்களுக்குச் சம்பளமாக்கினார். பின்வந்த இயேசு சபைக் குரு அன்றிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றவர். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே உடையது. ஆனாலும் வாய்மொழியாகக் கற்பித்த பாடம் அதனால் தமிழ் அச்செழுத்தாயிற்று.

19ஆம் நூற்றாண்டில் தேரிப் பகுதியில் சீர்திருத்தச் சபையார் பள்ளிகள் பெருகின. மிஷனரி ஜி.யு. போப் 1840களில் சாயர்புரத்தில் குருமடப் பள்ளி தொடங்கினார். நாசரேத்தில் 1876 முதல் பணியாற்றிய மிஷனரி மர்காஷிஸ் 1878இல் தொழிற்பள்ளி நிறுவினார். சிற்றூர்களிலோ ஓலைக் கூரைக் கொட்டகை ஒன்றுதான்: ஞாயிறன்று ஆலயம், மற்ற நாளில் பள்ளி. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் ‘அ’ எழுதினார்கள். சபையில் மறை போதிக்கும் உபதேசியாரே வாத்தியார். குடும்பத்தோடு பனங்காட்டுக் குடிசையான விடிலியில் பதனீர் காய்ச்சும் மாதங்களில் பனையேறிகளின் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்துவது பெரும்பாடு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் வந்தது. இன்று உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது, நிர்வாகம் சபையுடையது. ஆங்கிலவழிப் பள்ளிகளின் வேன்கள் ஊருக்குள் வரத் தொடங்கியபின் பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டனர்.

மிஷனரிகளுக்கு வரலாற்று நூல்கள் உண்டு. கணக்கப்பிள்ளைகள், உபதேசியார்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. பழைய கோயில் பதிவேடும் பள்ளி வருகைப் பதிவேடும் வைத்திருக்கும் ஊர்கள் அவற்றைக் கரையானுக்கு விடாமல் காக்க வேண்டும்.