யாழ்ப்பாணப் புகையிரத நிலையம்: ஆக்கமும் அழிவும் மீளாக்கமும்

பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளைக் கற்கும் நாம், நாடோறும் கடந்து செல்லும் கட்டடமொன்றின் வரலாற்றை ஆராயாது விடுதல் பொருத்தமன்று. யாழ்ப்பாணப் புகையிரத நிலையம் அவ்வாறு ஆராயத்தக்க ஒன்றாகும்.

இப்பாதை தெற்கிலிருந்து படிப்படியாக வளர்ந்து எம்மை வந்தடைந்ததன்று என்பது முதற்கண் அறியற்பாலது. தேசாதிபதி சேர் வெஸ்ற் றிட்ஜ்வேயின் காலத்தில், 1902ஆம் ஆண்டு மார்ச் மாதம், காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரிவரை செல்லும் பகுதி திறக்கப்பட்டது. கொழும்புக்கு நேரே செல்லும் வசதியோ 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே கிட்டிற்று. ஆகவே மூன்றாண்டுக்கு மேலாக எமது நிலையம் வடபகுதிக்கே உரிய தனிப்பாதையொன்றைச் சார்ந்திருந்தது.

தெற்கோடு ஏற்பட்ட இணைப்பு எமது சமூக வாழ்வையே மாற்றிற்று. ஊரில் வீடும் தலைநகரில் உத்தியோகமும் உடைய ஒரு வகுப்பார் இதனால் நிலைபெற்றனர். சுருட்டு வணிகரும் இப்பாதையாற் பயனடைந்தனர். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இவ்வாழ்க்கை முறையின் சின்னமாகவே கருதப்பட்டது.

போர் இவற்றையெல்லாம் குலைத்தது. 1990ஆம் ஆண்டு யூன் 13ஆந் திகதியுடன் சேவை முற்றாக நின்றது. மேடைகளிற் பற்றை வளர்ந்தது. கூரையிழந்த சுவர்களில் குண்டுகளின் வடுக்களே எஞ்சின. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன.

புகையிரத நிலையமென்பது தனித்து நிற்கும் கட்டடமன்று; நீண்ட பாதையொன்றின் உறுப்பாகும். பாதை அறுந்தபின் சுவர்கள் நின்றும் பயனில்லை. எனவே மீளாக்கமும் பாதையிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டன. இந்தியக் கடனுதவியுடன் இர்க்கொன் நிறுவனம் பாதையை அமைத்தது. 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சியையும், 2014 மார்ச்சிற் பளையையும் அடைந்த புகையிரதம், 2014 ஒற்றோபர் 13ஆந் திகதி யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறைவரை பாதை நிறைவெய்திற்று. இடைப்பட்ட காலம் இருபத்துநான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களுமாம். ஒரு தலைமுறை தன் ஊரிற் புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்து முடிந்தது.

கைவிடப்பட்ட நிலையங்கள் பிற நாடுகளில் அருங்காட்சியகமாகவோ அங்காடியாகவோ மாறுவதுண்டு. எமது நிலையமோ நிலையமாகவே மீண்டது. ஆயினும் பழைய நிலை முழுவதும் மீண்டதெனக் கொள்ளல் தவறாகும். வெள்ளிக்கிழமை தோறும் கொழும்பிலிருந்து வீடு திரும்பிய உத்தியோகத்தர் சமூகம் 1983ஆம் ஆண்டின் பின் பெரிதும் சிதறிற்று. பலர் கடல்கடந்து குடியேறினர். பாதையை மீளப் போடலாம். அதிற் சென்றோரின் வாழ்க்கையை அவ்வாறு மீளப் போடுதல் இயலாது.

கட்டடம் புதுக்கப்பட்டமையால் அழிவின் சுவடுகள் மறைந்தன. அக்காலம் அதனைக் கண்டோர் நினைவிலேயே தங்கியுள்ளது. ஓய்வுபெற்ற புகையிரத ஊழியரும் பயணஞ்செய்த முதியோரும் இன்றும் எம்மிடையே உளர். அவர்களை அணுகிக் கேட்டு எழுதிவைத்தல் வரலாறு கற்கும் மாணவரின் கடன். அவர்கள் காலம் கடந்தபின் கேட்பதற்கு எவரும் இரார்.