ஆண்டுள்ள ஆடையும் ஆண்டில்லா ஆடையும்: பொம்மைகள் வழியே தென் திருவிதாங்கூரைப் பார்த்தல்

பழைய பாரீஸ் தையற்கூடங்களின் உயர்தர ஆடைகளைப் பின்பற்றி, குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்படும் ஃபேஷன் பொம்மைகளைச் சேகரிப்போர், ஒரு பொம்மையைக் கையிலெடுத்ததும் மூன்று வினாக்களை எழுப்புவர். எந்த ஆண்டினது? வடிவமைத்தவர் யார்? எத்தனை வெளிவந்தன? வரலாற்று மாணவர் ஓர் ஆவணத்திடம் கேட்பவையும் ஏறத்தாழ இவையே. ஆனால் நம் நாட்டுப் பெண்ணின் உடையணிந்த பொம்மையிடம் இவ்வினாக்களை எவரும் கேட்பதில்லை. அதன் காரணத்தையும் விளைவையும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் வரலாற்றைக் கொண்டு எண்ணிப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் பாரீஸ். 18ஆம் நூற்றாண்டில் அந்நகரின் புதிய ஆடைப்பாணிகள் ‘பண்டோரா’ எனப்பட்ட பொம்மைகளுக்கு அணிவிக்கப்பட்டு ஐரோப்பிய அரசவைகளுக்கு அனுப்பப்பட்டன. இரண்டாம் உலகப்போரால் நலிந்த ஆடைத்தொழிலை மீட்க, 1945இல் பாரீசின் தையற்கூடங்கள் ஏறத்தாழ 70 செ.மீ. உயரமுள்ள கம்பிப் பொம்மைகளுக்கு முழுமையான ஆடைகளைத் தைத்துக் காட்சிக்கு வைத்தன. அவை இன்று அமெரிக்காவின் மேரிஹில் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1947இல் கிறிஸ்டியன் தியோர் அறிமுகப்படுத்திய ‘நியூ லுக்’ பாணியும் அதைத் தொடர்ந்த ஐம்பதுகளின் ஆடைகளும், 2000இல் தொடங்கிய சில்க்ஸ்டோன் பார்பி வரிசையில் மறுபிறவி எடுத்தன. அவ்வரிசையை ராபர்ட் பெஸ்ட் வடிவமைத்தார். இங்கெல்லாம் ஆடைக்கு ஆண்டு உண்டு. ஆக்கியோன் பெயரும் உண்டு.

இனி டெல்லி. காயங்குளத்தில் பிறந்த கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் நிறுவிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம், ஹங்கேரித் தூதர் அளித்த ஒரு பொம்மையிலிருந்து முளைத்தது. அதனோடு இணைந்த பணிமனை, இந்தியாவின் பல பகுதி மக்களின் உடைகளை நுணுக்கமாகத் தைத்துப் பொம்மைகளுக்கு அணிவித்தது. அது போற்றத்தக்க உழைப்பு. எனினும் இவ்வகைப் பொம்மைகளை நாம் வட்டாரத்தின் பெயரால் அறிகிறோம்; ஆண்டால் அறிவதில்லை. பாரீசின் உடை வரலாறாகவும் நம் உடை மரபாகவும் நிற்கின்றன. மரபு என்ற சொல் காலத்தை அழித்துவிடுகிறது.

இந்த அழிப்பு எவ்வளவு பெரியது என்பதைத் தென் திருவிதாங்கூர் காட்டும். நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக நடத்திய போராட்டத்தில் உடையின் ஒவ்வொரு மடிப்பும் அரசாணைக்கு உட்பட்டதாக இருந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் (1811–1814), கிறித்தவத்தைத் தழுவிய பெண்களுக்கு மேலாடை அனுமதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அது சிரியன் கிறித்தவரும் மாப்பிளைமாரும் அணிந்த குப்பாயம் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. 1829 பிப்ரவரி 3இன் பிரகடனம் நாடார் பெண்களுக்குத் தோள்சீலையை மறுத்தது. கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் விட்டுவைத்தது. 1858–59இல் மீண்டும் கலவரம் மூண்டபோது நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அதன் களங்களுள் அடங்கின. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் அழுத்தத்தால் 1859 ஜூலை 26இல் புதிய பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் அனைவரும் குப்பாயம் அணியலாம், அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது.

இவ்வாணைகளை ஓர் ஆடை வரலாற்றாசிரியரின் கண்கொண்டு படியுங்கள். துணியின் தரம், தைத்ததா போர்த்தியதா என்ற வேறுபாடு, உடுத்தும் முறை ஆகிய அனைத்தும் அவற்றில் உள்ளன. பாரீசில் அருமை விலையால் காக்கப்பட்டது. இங்கு அது ஆணையால் காக்கப்பட்டது. மீறிய பெண்ணின் துணி பொதுச் சந்தையில் கிழிக்கப்பட்டது.

கைகளின் வரலாறும் இதனுள் உண்டு. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். அடிமைநிலையில் இருந்த பெண்கள் சிலர் அந்த வருவாயைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855இல்தான். அவர்கள் பின்னிய லேஸ் இங்கிலாந்துவரை விற்பனைக்குச் சென்றது. தையற்கூடத்தின் பெயரைப் பொம்மையின் பெட்டிமீது பொறிக்கும் உலகில், அந்த லேஸைப் பின்னிய பெண்களுள் பெரும்பாலோரின் பெயரை எந்தத் துணியும் தாங்கவில்லை.

1956 நவம்பர் 1இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குச் சென்றது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே போராட்டம் அப்பால் தோள்சீலைக் கலகமாகவும் இப்பால் மாறுமறைக்கல் சமரமாகவும் இரு மொழிகளில் தனித்தனியே படிக்கப்படுகிறது. ‘கேரள உடை’, ‘தமிழ் உடை’ என்னும் இரு பொம்மைகளுக்கிடையே இவ்வூர்ப் பெண்ணுக்கு இடமில்லை.

பாறசாலைப் பெண்ணைப் பொம்மையாக வடிக்க ஒருவர் முன்வந்தால், அவர் முதலில் ஆண்டைக் குறிக்க வேண்டும். 1828ஆ, 1830ஆ, 1860ஆ? ஒவ்வோர் ஆண்டுக்கும் உடை மாறும். சாதிக்கும் சமயத்துக்கும் ஏற்ப மீண்டும் மாறும். குப்பாயத்தை ‘பாரம்பரிய உடை’ என்று எழுதி ஒட்டினால் அதை வென்றெடுத்த பெண்கள் மறைந்துவிடுவர். உடை வரலாற்றில் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது: அருங்காட்சியகப் பொம்மையொன்றின் முன் நிற்கும்போது, சேகரிப்போர் கேட்கும் அந்த மூன்று வினாக்களோடு நான்காவதாக ஒன்றையும் கேளுங்கள். இவ்வுடையை அணிய யாருக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது?