துப்பாக்கியை எங்கே வைப்பது? அமெரிக்க ஆயுதத் தடையின் வரலாற்றில் ஒப்படைப்பிடம்

அமெரிக்க மேற்கின் எல்லைப்புற ஊர்களைத் திரைப்படங்களின் வழி அறிந்தோர், அங்கு ஆண்கள் அனைவரும் இடுப்பில் துப்பாக்கியுடன் திரிந்தனர் என்றே எண்ணுவர். ஆவணங்கள் தரும் செய்தி வேறு. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா, டாட்ஜ் சிட்டி போன்ற கால்நடை வாணிப ஊர்களில் 1870-களிலேயே ஊருக்குள் துப்பாக்கி ஏந்துவது தடைசெய்யப்பட்டிருந்தது. விச்சிட்டாவுக்கு வருவோர் தம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்து அடையாள வில்லை பெற்றுக்கொள்ள வேண்டுமென அறிவிப்புப் பலகை கூறியது. ஏந்தாதே என்ற சட்டம், எங்கே வைப்பது என்ற வினாவுக்கும் விடை வைத்திருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

இதனைத் தெளிவாகக் காட்டுவது அரிசோனாவின் டூம்ஸ்டோன். வெள்ளிச் சுரங்கத்தால் வளர்ந்த இவ்வூரின் நகர்மன்றம் 1881 ஏப்ரலில் இயற்றிய ஒன்பதாம் எண் ஆணை, அனுமதியின்றி ஊருக்குள் கொலைக்கருவி ஏந்துவதைத் தடுத்தது. ஆயினும் ஊருக்குள் நுழைந்தவுடன் ஆயுதத்தை ஒப்படைக்கச் செல்பவரும், ஊரைவிட்டு நீங்கும்போது அதனைத் திரும்பப் பெற்றுச் செல்பவரும் நேர்மையான எண்ணத்துடன், தக்க கால அளவுக்குள் அவ்வாறு செய்தால் குற்றவாளிகள் ஆகார் என்ற விதிவிலக்கும் அதில் உண்டு. குதிரை லாயம், விடுதி, மதுக்கடை ஆகியவையே பெரும்பாலும் ஒப்படைப்பிடங்களாக விளங்கின.

1881 அக்டோபர் 26 அன்று நிகழ்ந்த புகழ்பெற்ற மோதலையும் இவ்வாணையின் பின்னணியிலேயே படிக்க வேண்டும். அன்று ஆயுதம் ஏந்தியதற்காகப் பிடிபட்ட ஐக் கிளாண்டன் 25 டாலர் தண்டம் செலுத்தினார். அவருடைய ஆயுதங்களை நகரக் காவல் தலைவர் வெர்ஜில் ஏர்ப் கிராண்ட் ஹோட்டலில் ஒப்படைத்தார். நண்பகலுக்குப் பின் டாம் மெக்லாரி தம் கைத்துப்பாக்கியைக் கேப்பிட்டல் மதுக்கடையில் கொடுத்துவைத்தார். ஃபிராங்க் மெக்லாரியும் பில்லி கிளாண்டனும் ஆயுதத்துடனேயே இருந்தனர். அவர்கள் ஊரைவிட்டுப் புறப்படும் நிலையில் இருந்தனர் என்பது ஒரு தரப்பின் வாதம். அவ்வாறாயின் விதிவிலக்கு அவர்களுக்கும் பொருந்தியிருக்கும். அவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கச் சென்றபோது மூண்ட சண்டை ஏறத்தாழ 30 விநாடிகளே நீடித்தது. மெக்லாரி சகோதரர் இருவரும் பில்லி கிளாண்டனும் இறந்தனர். பின்னர் நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் நடத்திய விசாரணையில், டாமின் துப்பாக்கி தம்மிடமே இருந்தது என மதுக்கடைக்காரர் சாட்சியம் அளித்தார். டாமிடம் வேறு ஆயுதம் இருந்ததா என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒன்றுபடவில்லை. ஒப்படைப்பு என்பது வெறும் வழக்கமாக நில்லாமல், நீதிமன்றச் சான்றாகவும் அமையத்தக்க செயலாக இருந்தது என்பதற்கு அந்தச் சாட்சியமே போதுமானது.

ஒரு நூற்றாண்டு கடந்து டெக்சாஸுக்கு வருவோம். மறைத்து ஏந்தும் உரிமம் அங்கு 1996 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, உரிமம் பெற்றவரையும் தம் வளாகத்திற்குள் விலக்க விரும்பும் வணிகர் வைக்க வேண்டிய பலகையைச் சட்டம் வரையறுத்தது: ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், பின்னணியிலிருந்து வேறுபடும் நிறத்தில், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்துகள். எழுத்தின் அளவைக்கூட விடாத இச்சட்டம், வாயிலில் நிற்பவர் தம் துப்பாக்கியை என்ன செய்வது என்பதைப் பற்றி வாய்திறக்கவில்லை. கடைக்காரரும் பிறர் ஆயுதத்தை வாங்கி வைக்கும் பொறுப்பை விரும்புவதில்லை. எஞ்சியது கார். பணியாளர் தம் பூட்டிய காரில் துப்பாக்கி வைத்திருப்பதை முதலாளிகள் பொதுவாகத் தடுக்கலாகாது என்ற 2011-ஆம் ஆண்டுச் சட்டம், காரைக் கிட்டத்தட்ட ஒப்படைப்பிடமாகவே ஏற்றுக்கொண்டது எனலாம்.

ஆனால் குதிரை லாயத்தில் காவலுக்கு ஆள் உண்டு. கார் நிறுத்துமிடத்தில் இல்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் எவ்ரிடவுன் அமைப்பு காவல்துறைத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வின்படி, 2022-இல் களவுபோனதாகப் பதிவான துப்பாக்கிகளுள் பாதிக்கும் சற்று மேற்பட்டவை வாகனங்களிலிருந்து திருடப்பட்டவை. அவற்றுள் பல வீட்டு முற்றத்தில் நின்ற கார்களிலிருந்து போனவை என்பதால், கடைப் பலகை மீது மட்டும் பழி சுமத்துவது பொருந்தாது.

வரலாறு இங்கு ஏட்டுப் பொருளாக மட்டும் நிற்கவில்லை. 2022-இல் ப்ரூவன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், துப்பாக்கிச் சட்டங்களை நாட்டின் வரலாற்று மரபைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்றது. ஆனால் மேற்கு ஆட்சிப்பரப்புகளின் சட்டங்கள் குறுகிய காலமே நிலவியவை, சிறு மக்கள்தொகைக்கே உரியவை எனக் கூறி அவற்றுக்கு மிகக் குறைந்த மதிப்பையே அளித்தது. தடையின் வலிமையை மட்டும் எடைபோடும் இத்தகைய வாசிப்பில், தடையோடு பிணைந்திருந்த ஒப்படைப்பு ஏற்பாடு கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.

மாநிலங்கள் சில வேறு வழியில் அணுகியுள்ளன. சான் பிரான்சிஸ்கோவில் 2015-இல் ஓர் அரசு அலுவலரின் காரிலிருந்து திருடுபோன துப்பாக்கியால் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். 2017 முதல் கலிஃபோர்னியாவில், காவலர் உட்பட எவரும் ஆளில்லாத வாகனத்தில் கைத்துப்பாக்கியைப் பூட்டியே வைக்க வேண்டும் என்றாயிற்று. கொலராடோவில் 2025 சனவரி முதல் நடப்புக்கு வந்த சட்டம், கைத்துப்பாக்கியைக் கடினமான பக்கங்களுடைய பெட்டியில் பூட்டி, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாதவாறு வைத்து, காரையும் பூட்டுமாறு பணிக்கிறது.