மயில்துத்தமும் கென்ட் துரையின் காப்பிச் செடியும்

போன ஆனி மாசம் கரடியூர்ப் பக்கம் போயிருந்தேன். சின்னக் காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் பெரியவர் ஒருத்தர் நீலத் தண்ணி நிரம்பிய டிரம்முக்குள் அரிவாளை முக்கி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா பாக்கறீங்க?"

"அருவாள்ல செம்பு ஏறுதான்னு பாக்கறேன் கண்ணு. ஏறுச்சுன்னா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். அப்படியே அடிச்சா எல கருகிப் போயிரும்."

டிரம்மில் இருந்தது போர்டோ கலவை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்ப்பது. 200 லிட்டர் தண்ணிக்கு 1 கிலோ துத்தம் போட்டால் அரை சதவீதக் கலவை. காப்பியில் வரும் துரு நோய்க்கு இதுதான் பழைய மருந்து. பெரியவர் தோட்டத்தில் பாதிக்குத்தான் அடித்தார். மீதியைக் கேட்டதற்கு, "அது வேற ரகம், அதுக்கு இப்ப வேண்டாம்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு கேள்விகள் விடவில்லை. பூஞ்சையைக் கொல்லும் செம்பு காப்பி இலையை ஏன் கொல்லவில்லை? ஒரே மண், ஒரே மழை. ஒரு ரகத்துக்கு மருந்து வேணும், இன்னொன்றுக்கு வேண்டாம், அது எப்படி? தேடிப் படித்ததில் ரெண்டுக்குமே விடை செடியின் மரபணுவில் இருப்பது தெரிந்தது. அந்த விடை கிடைத்த வரலாறு நம்ம தென்னிந்திய மலைகளோடு பின்னிக் கிடக்கிறது.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஐம்பது வருசம் பெரிய தொல்லை இல்லை. 1869-இல் இலங்கையில் காப்பி இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. பெர்க்லி என்ற ஆங்கிலேயர் அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பேர் வைத்தார். பிற்பாதிப் பேருக்கு 'நாசமாக்குவது' என்று பொருள். சொன்ன மாதிரியே இருபது வருசத்துக்குள் இலங்கையின் காப்பித் தொழில் படுத்துவிட்டது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. நம்ம ஊர்களில் இருந்து கண்டிச் சீமைக்குப் போன தமிழ்க் கூலிகளின் பிழைப்பும் அதோடு சேர்ந்து மாறியது. நோய் இலங்கையோடு நிற்கவில்லை, தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் வந்தது.

போர்டோ கலவை அப்போது யாருக்கும் தெரியாது. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறிக்காமல் இருக்க, துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்கள். அப்படித் தெளித்த கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885-இல் அதை மருந்தாக அறிவித்தார். இலங்கைக் காப்பிக்கு அது காலம் கடந்த மருந்து.

இந்தக் கலவையின் சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கிறது. வெறும் துத்தக் கரைசலில் செம்பு முழுக்கக் கரைந்து நிற்கும், இலையைச் சுட்டுவிடும். சுண்ணாம்பு சேர்ந்தால் செம்பு எளிதில் கரையாத படிவாக இலைமேல் ஒட்டிக்கொண்டு, ஈரம் படும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முளைக்க வந்த பூஞ்சை வித்துக்கு அந்தக் கொஞ்சமே நஞ்சு. செம்பு மிச்சமாய்க் கரைந்து நின்றால் அரிவாள் இரும்பில் சிவப்பாய்ப் படியும். பெரியவர் பார்த்தது அதைத்தான்.

சுண்ணாம்பு சரியாக இருந்தாலும் எல்லாச் செடியும் ஒரே மாதிரி தாங்காது. இலை விட்டு நிற்கும் பீச், பிளம் மரங்களுக்கு செம்பு அடித்தால் இலை பொத்துக் கருகும். காப்பி தாங்கிக்கொள்ளும். செம்பைத் தாங்குவதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துக் களைச்செடியில் காட்டியிருக்கிறார்கள். அதில் எச்.எம்.ஏ.5 என்று ஒரு மரபணு. வேர்ச் செல்லில் மிஞ்சிய செம்பை இறைத்து வெளியேற்றும் பம்பு மாதிரியான புரதத்தைச் செய்வது அது. அது பழுதான செடிகள் செம்புக்குச் சீக்கிரம் வாடுவதை 2006-இல் கண்டார்கள். வெவ்வேறு இடத்து அராபிடாப்சிஸ் செடிகள் செம்பை வெவ்வேறு அளவில் தாங்குவதற்கும் அந்த மரபணுவில் உள்ள சின்ன மாற்றங்கள் ஒரு முக்கியக் காரணம் என்று 2008-இல் தெரிந்தது. முதல் கேள்விக்கு இது பாதி விடை.

அடுத்தது ரகம். 1911 வாக்கில் மைசூர்ச் சீமையில், தொட்டன்குட்டா எஸ்டேட்டில் கென்ட் என்ற துரை துரு பிடிக்காத ஒரு செடியைக் கண்டார். 'கென்ட்ஸ்' என்ற பேரில் அதன் விதை மலை மலையாகப் பரவியது. சில வருசம் எல்லாருக்கும் நிம்மதி. அப்புறம் அதிலும் துரு ஏறியது. காரணத்தைப் பிடித்தவர் மேய்ன். 1925-இல் பாலேஹொன்னூரில் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். துருப் பூஞ்சை ஒன்றில்லை, அதற்குள் பல இனங்கள் இருக்கின்றன என்று 1932-இல் எழுதினார். கென்ட்ஸ் தடுத்தது ஒரு இனத்தை. இன்னொரு இனம் பெருகி உள்ளே நுழைந்துவிட்டது.

அதன் பிறகு 1940-களில் வந்தது எஸ். 795. கென்ட்ஸோடு எஸ். 288-ஐச் சேர்த்து உண்டாக்கியது. அந்த எஸ். 288 வழியாக லைபீரியக் காப்பியின் எஸ்.எச்.3 என்ற தடுப்பு மரபணு உள்ளே வந்தது. 1985-இல் வந்த 'காவேரி' ரகத்துக்குத் தடுப்பு திமோர் தீவில் அரபிகாவும் ரொபஸ்டாவும் தானாகக் கலந்து பிறந்த செடியிடம் இருந்து கிடைத்தது. 2007-இல் சந்திரகிரி. எஸ்.எச்.1 முதல் 9 வரை இப்படி ஒன்பது மரபணுக்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பூஞ்சையிலோ ஐம்பது இனங்களுக்கு மேல் தெரிந்திருக்கின்றன. எஸ். 795-இலும் துரு வந்தது, காவேரியிலும் வந்தது.

ஒவ்வொரு மரபணு தோற்கும்போதும் விவசாயி செய்தது ஒன்றுதான்: டிரம்மை மறுபடி எடுத்தார். மரபணு நின்ற வருசங்களில் செம்பு குறைந்தது, விழுந்த வருசங்களில் கூடியது.

கவலை இங்கேதான். செம்பு மக்கிப்போகிற பொருள் கிடையாது. மழையில் வழிந்து, உதிர்ந்த இலையோடு சேர்ந்து மேல்மண்ணில் தங்கிவிடும். மண்புழுவும் மண்ணில் இருக்கும் நல்ல பூஞ்சைகளும் அதைத் தாங்கியாக வேணும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு வருசத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு போகக் கூடாது என்று வரம்பு வைத்தது. அந்த மருந்து பிறந்த நாட்டுக்கும் அதே வரம்புதான்.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "பழசை எல்லாம் புடுங்கிட்டு ஒரே புது ரகமா வச்சிரலாமா?" புதுச் செடி காய்க்க மூணு நாலு வருசம் ஆகும். அதுவரை வருமானம் கிடையாது. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போ கேட்டால், "ஒரேயடியா மாத்தாதீங்கய்யா" என்பேன். கென்ட்ஸ் சொல்லிக்கொடுத்த பாடம் அது: ஒரே மரபணுவை மலை முழுக்க நட்டால், அதை உடைக்கத் தெரிந்த ஒரே ஒரு இனம் போதும். ரெண்டு மூணு ரகம் கலந்து இருக்கட்டும். எந்தச் செடியில் எந்த மாசம் துரு வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து, வேண்டிய இடத்துக்கு மட்டும் அடிக்கலாம்.

பாதித் தோட்டத்துக்கு மட்டும் மருந்து அடித்தபோது பெரியவர் பாதி அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அடுத்த தடவை போகும்போது ஒரு நோட்டு வாங்கிப் போக வேணும்.