லென்ஸுக்குப் பின்னால் ஒரு வளையம்!

1987, மார்ச் மாதம். கேனான் கம்பெனிக்கு ஐம்பது வயது நிறையும் வருடம். கொண்டாட்டத்தோடு கொண்டாட்டமாகத் தன் வாடிக்கையாளர்கள் தலையில் அது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. இஓஎஸ் 650 என்று புத்தம் புதுக் கேமரா. பழைய கேனான் லென்ஸ் எதையும் அதில் மாட்ட முடியாது!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1971-லிருந்து வந்துகொண்டிருந்த எஃப்.டி. லென்ஸ்களைக் காசு சேர்த்துச் சேர்த்து, ஒன்று ஒன்றாக வாங்கி வைத்திருந்த போட்டோகிராபர் என்ன ஆவார்? கொதித்துப் போனார்கள். 'நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான்' என்கிற ரகக் கோபம்.

காரணம், ஆட்டோஃபோகஸ். 1985-ல் மினோல்டா 7000 வந்து சந்தையைக் கலக்கியது. கேமராவுக்குள் ஒரு மோட்டார். அதிலிருந்து ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒரு குட்டித் தண்டு லென்ஸைத் தொட்டுத் திருப்பும். அடுத்த வருடமே நிக்கானும் அந்த வழிக்கு வந்தது. ஆனால், 1959-ல் தான் வைத்த 'எஃப்' வளையத்தை (மவுண்ட் என்பார்கள். லென்ஸும் கேமராவும் கைகோக்கும் இடம்) மாற்றவில்லை. கேனான்தான் முரண்டு பிடித்தது. தண்டும் வேண்டாம், நெம்புகோலும் வேண்டாம். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கட்டும், கேமராவிலிருந்து மின்சாரம் மட்டும் போகட்டும் என்றது. வளையத்தையும் பெரிதாக்கியது. நிக்கானுடையது 44 மில்லிமீட்டர், கேனானின் புது வளையம் 54.

ஆக, நிக்கான் நல்ல பிள்ளை, கேனான் கெட்ட பிள்ளை. சரி, இந்தப் பழங்கதைக்கும் உங்கள் பர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது!

2003-ல் கேனான் 300டி வந்தது. ஆயிரம் டாலருக்குக் கீழே விலை வைத்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். அதில் 1987-ல் வாங்கிய லென்ஸை மாட்டினாலும் 'விர்ர்' என்று ஃபோகஸ் ஆனது. மோட்டார்தான் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறதே! நல்ல பிள்ளை நிக்கானோ, 2006-ல் டி40 என்ற விலை குறைந்த கேமராவைக் கொண்டுவந்தபோது, செலவையும் எடையையும் குறைக்க உள்ளே இருந்த மோட்டாரைக் கழற்றிவிட்டது. பழைய லென்ஸ் மாட்டும், ஆனால் ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருக வேண்டும். 3000, 5000 வரிசைக் கேமராக்களுக்கும் இதே கதைதான்.

இப்போது கடைக்கு வருவோம். 2018-ல் இரண்டு கம்பெனியும் மிரர்லெஸ் கேமராவுக்கென்று வேறு வளையம் வைத்துவிட்டன. அதனால் எஸ்.எல்.ஆர். இன்று பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் சமாசாரம். முதல் கேமராவாக அதை வாங்குகிறவர் அடுத்து வாங்க வேண்டியது பையோ ஃபில்டரோ அல்ல, ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் என்பது என் கட்சி. கேமராவோடு வரும் 18-55 லென்ஸ், 55-ல் நிற்கும்போது எஃப்/5.6தான். இது அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கல்யாண மண்டபத்தின் மங்கலான மூலையில் இதன் அருமை தெரியும். (சின்ன சென்சார் என்பதால் கொஞ்சம் 'ஜூம்' ஆனமாதிரி இருக்கும். அறைக்குள் எடுத்தால் முதுகு சுவரில் முட்டும்!)

கேனான்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1990-ல் வந்த, வளையம் உட்பட பிளாஸ்டிக்கான, 130 கிராம் லென்ஸ்கூடப் போதும். நிக்கான்காரர் மட்டும் பெட்டியில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். 'ஏஎஃப்-டி' என்றால், டி90, டி7000 மாதிரி மோட்டார் உள்ள கேமரா வேண்டும். டி40 வகையறாவுக்கு 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருக்க வேண்டும். அந்த வகையில் மலிவான 50 மி.மீ. எஃப்/1.8 வந்ததே 2011-ல்தான். விலை குறைவாக இருக்கிறதே என்று தெரியாமல் 'டி'யை வாங்கிவிட்டு, லென்ஸ் ரிப்பேர் என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. சோவியத் ஜெனித் கேமராவின் ஹீலியோஸ் லென்ஸ் பழைய கேமராக் கடைகளில் கண்ணில் பட்டால், அது கேனானில் உட்காரும்! திருகு மரை வைத்த அந்த லென்ஸ், ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டியது. கேனான் வளையம் நிற்பது 44-ல். நடுவில் சுமார் ஒன்றரை மி.மீ. தடிமனில் ஒரு மலிவான அடாப்டர் போதும், கணக்கு தீர்ந்தது. (ஃபோகஸ் கையால்தான்.) நிக்கானில் அது 46.5. லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால்தான் தூரத்து மலை தெளியும், போக வழியில்லை. கேனானின் சொந்த எஃப்.டி. லென்ஸுக்கோ 42. சொந்தப் பிள்ளைக்கு இடமில்லாத வீட்டில் ரஷ்யாக்காரர் சௌக்கியமாக இருக்கிறார்!

பழைய ஃபிளாஷ் விஷயத்தில் மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். 1970-களின் ஃபிளாஷ்கள் சிலவற்றில் கேமராவைத் தொடும் முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். உள்ளே வெறும் உலோகத் தொடுப்பு இருந்த ஃபிலிம் கேமரா அதைத் தாங்கியது. உங்களுடையதில் இருப்பது எலெக்ட்ரானிக்ஸ். தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து மல்ட்டிமீட்டரில் அளக்காமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

ட்ரைபாடில் இந்தத் தலைவலி எதுவுமே இல்லை. கேமராவின் அடியில் இருக்கும் துளையைப் பாருங்கள். கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பட்டறைக்குப் பட்டறை ஒரு மரை என்று இருந்த இங்கிலாந்தில், 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்பவர் வகுத்துக் கொடுத்த கணக்கு இது. கேனான், நிக்கான் யாரும் இதில் கை வைக்கவில்லை. ஆகவே, பரணில் தாத்தா காலத்து ட்ரைபாட் கிடந்தால் இறக்கித் துடையுங்கள். சில பெரிய ட்ரைபாடுகளில் திருகு கொஞ்சம் தடிமனாக, 3/8 அங்குலத்தில் இருக்கும். அதற்கு ஒரு குட்டி அடாப்டர் வாங்கிக்கொண்டால் ஆயிற்று.